ஆளுக்குப் பத்து லீட்டர்

இல்லைத் தம்பி, நீங்களே சன்னல் கரையில இருங்கோ. எனக்குக் காத்து ஒத்துவராது. இருபத்தேழு வருசம் குளிருக்குள்ள கிடந்த உடம்பு. இப்ப இஞ்சத்தை வெயிலும் பிடிக்குதில்லை, காத்தும் பிடிக்குதில்லை. வவுனியாக்கோ? நல்லதாப் போச்சு, நானும் வவுனியாதான். உந்தப் பையைக் காலுக்குள்ள வைக்கிறன், குறை நினைக்காதேங்கோ. மேல வைக்க மனமில்லை. தங்கச்சியின்ர பிள்ளைக்குக் கொஞ்சம் உடுப்பும் சொக்லேட்டும்.

தங்கச்சி வீட்டுக்குத்தான் போறன். சுகந்தி எண்டு பேர். கூடப் பிறந்தது அவள் ஒருத்தி. அவளின்ர கலியாணத்துக்கு வந்ததுதான், அதுக்குப் பிறகு இப்பதான் வாறன். இடையில அஞ்சு வருசமா என்னோட கதைக்கேல்லை. நான் எடுத்தால் வைப்பாள். வேற நம்பரில இருந்து எடுத்தாலும் என்ர குரலைக் கேட்டவுடன வைப்பாள். அண்ணன் எண்டு ஒருத்தன் இருக்கிறான், அவன்ர பக்கத்திலயும் ஒரு நியாயம் இருக்கும் எண்டு ஒருக்காவாவது கேட்டிருக்கலாமோ இல்லையோ, நீங்களே சொல்லுங்கோ.

போன மாசம் தானா எடுத்தாள். "அண்ணா, ஒருக்கா வந்திட்டுப் போறியளோ" எண்டாள். எனக்கு அழுகை வந்திட்டுது தம்பி, மறைக்கேல்லை. என்ர சாப்பாட்டுக்கடைக் குசினிக்குள்ள நிண்டு அழுதனான்.

விசயம் என்னண்டால், அவளின்ர மனுசன் தயாபரனைக் காணேல்லை. அஞ்சு வருசமாக் காணேல்லை. ஜேர்மனியில இருந்து திருப்பி அனுப்பினவங்கள். கட்டுநாயக்க எயார்போட்டில இறங்கி, "வந்திட்டன், விடிய பஸ் எடுக்கிறன்" எண்டு சுகந்திக்கு ரெலிபோனில சொன்னவன். அதோட சரி. விடிஞ்சுது, பஸ் வந்துது, அவன் வரேல்லை. இப்பதான் காணாமல் போன ஆக்களின்ர விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கினம், நாளைக்குக் காலமை. விசாரிக்கிற ஆக்கள் சொல்லுகினமாம், உங்கட மனுசன் வெளிநாட்டிலதான் எங்கயோ இன்னொருத்தியோட இருப்பார், திரும்பி வந்ததுக்கு என்ன சாட்சி எண்டு. அதுக்குத்தான் நான். இவர் என்ர வீட்டில இருந்தவர், இப்பிடிப் பிடிபட்டவர், இப்பிடி ஏத்தி அனுப்பினவை எண்டு நான் வாயால சொன்னாக் காணுமாம். அப்பதான் அவளின்ர கதையை எடுப்பினமாம்.

எப்பிடிப் பிடிபட்டவர் எண்டு கேக்கிறியள். சொல்லுறன். இன்னும் எத்தினை மணித்தியாலம் இருக்கு.

எல்லாத்துக்கும் காரணம் என்ர சகலன் இராசநாயகம். ஓம், சிரிக்காதேங்கோ, அவன்தான். எங்கட ஆக்களின்ர கொண்டாட்டம் அங்க எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியாது. மண்டபத்துக்குள்ள மேளம், ஆலாத்தி, வீடியோ, எல்லாம் பொம்பிளையளுக்கு. ஆம்பிளையள் வெளிய, கார் விடுற பாக்கில. கார் டிக்கியைத் திறந்து வச்சுக்கொண்டு போத்திலை அடுக்கி, பிளாஸ்ரிக் கப்பில ஊத்திக் குடுக்கிறது. ஆற்ற டிக்கியடியில சனம் கூட நிக்குதோ அவன்தான் பெரிய மனுசன். இராசநாயகத்தின்ர மூத்தவள் பெரியபிள்ளையாகிச் சாமத்திய வீடு செய்தபோது அவன் பெட்டி பெட்டியா விலைகூடின விஸ்கி இறக்கினான். இறக்கிப்போட்டு எனக்குக் கப்பை நீட்டிச் சொல்லுறான், "குணசீலன், நல்லாக் குடி, உன்ர கொண்டாட்டத்துக்கு வந்தா பியர்தானே கிடைக்கும்" எண்டு. அத்தினை பேருக்கு முன்னால. என்ர மனுசியின்ர அக்கான்ர புருசன் எண்டு பொறுத்துக்கொண்டு நிண்டன்.

பிறகு என்ர மகளுக்கு வந்துது. விஸ்கி வாங்கினால் இராசநாயகத்தைப் பாத்துச் செய்தது எண்டு சொல்லுவினம். ஒருத்தரும் குடிச்சிருக்காத சாமான் வேணும் எனக்கு. அப்சிந்த் எண்டு கேள்விப்பட்டிருக்கிறியளோ? இல்லைத்தானே. பச்சை நிறம். எழுபது வீதம் ஏறும். எங்கட மாசிபத்திரி மாதிரி ஒரு கசப்புச் செடி, அதைப் போட்டு வடிக்கிறது, பெருஞ்சீரகமும் சேப்பாங்கள். ஒரு காலத்தில விசர் பிடிக்கும் எண்டு சொல்லித் தடை செய்து வச்சிருந்தவங்கள். அந்தக் கதையைச் சொல்லி ஊத்திக் குடுத்தால் டிக்கியடியில சனம் நிக்குமோ நிக்காதோ?

நாங்கள் இருக்கிறது ஜேர்மனியின்ர கிழக்குப் பக்கம். ரயிலில ஒரு மணித்தியாலம் போனால் செக் நாடு. அங்கால அதே போத்தில் அரைவிலை. ஆனால் ஒரு ஆள் பத்து லீட்டர்தான் கொண்டுவரலாம். அதுக்கு மேல எண்டால் வரி, விசாரணை, அலுப்பு. எனக்கு இருபது லீட்டர் வேணும். நான் சட்டத்துக்கு அடங்கின ஆள் தம்பி. அங்க ஒரு சாப்பாட்டுக்கடை வச்சிருக்கிறன், ஒரு நாளும் ஒரு பிழை இல்லை. ஆகக் கள்ளமாக் கொண்டுவரக்கூடாது, இன்னொரு ஆள் வேணும், அவ்வளவுதான்.

வேற ஆரைக் கூட்டிக்கொண்டு போனாலும் இராசநாயகத்தின்ர காதுக்குப் போயிடும். தயாபரன்தான் வாய் திறக்காதவன். என்னோட ஒரே வகுப்பில படிச்சவன், எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மச்சான். அவனை என்ர தங்கச்சிக்குச் செய்துவச்சதே நான்தான். நாட்டில சண்டை முடிஞ்ச பிறகு அவனைப் பிடிச்சுக்கொண்டுபோய் அடிச்சு விட்டவங்கள், இனி இஞ்ச இருக்கேலாது எண்டு சுகந்தி அழுது, நான்தான் வழிபண்ணி ஜேர்மனிக்கு எடுத்தனான். பிள்ளைக்கு அப்ப ரெண்டு வயசு. நாலு வருசம் என்ர வீட்டு மேல்மாடியில இருந்தான். கடையில குசினி வேலை. நான் கேட்டால் மாட்டன் எண்டு ஒரு நாளும் சொல்லமாட்டான், அப்பிடி ஒரு மனுசன்.

அவனுக்கு அங்க விசா இல்லை. அகதி எண்டு ஏற்கமாட்டம் எண்டு எழுதிப்போட்டாங்கள், ஆனா உடன அனுப்பவும் இல்லை. அப்பிடி வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு கடதாசி குடுப்பாங்கள், டுல்டுங் எண்டு. அதோட நாட்டுக்குள்ள இருக்கலாம். நாட்டை விட்டு ஒரு அடி வெளிய வச்சால் அந்த நிமிசமே கடதாசி செத்துப்போம். அது எனக்கு வடிவாத் தெரியும். அவனுக்கு டொச் பாசை விளங்காது, நான்தான் வரி வரியா மொழிபெயர்த்துச் சொன்னனான்.

அந்த நேரம் பாத்து ஒரு நல்ல லோயர் பொம்பிளை கிடைச்சிருந்தவ. முதுகில இருக்கிற தழும்பையெல்லாம் டொக்டருக்குக் காட்டி, புதுசா வழக்குப் போட்டிருந்தவ. அடுத்த மாசம் கூப்பிடுவினம், இந்தமுறை கிடைக்கும் எண்டு சொன்னவ. கிடைச்சால் சுகந்தியையும் பிள்ளையையும் கூப்பிடலாம். சுகந்தி பாஸ்போட்டுக்குப் படம் கூட எடுத்திட்டாள்.

வெள்ளிக்கிழமை அவன் வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிண்டான். நான் விசயத்தைச் சொன்னன். கத்தியை வச்சிட்டு என்னைப் பாத்தான்.

"மச்சான், அது எல்லை எல்லே?"

"எல்லையில ஒருத்தரும் இல்லையடா. ஆறும் புல்லும்தான் கிடக்கு. பின்னேரத்துக்கு முதல் வந்திடலாம்."

"லோயர் சொன்னவ, இந்த ஒரு மாசம் ஒரு இடமும் போகாதேங்கோ எண்டு."

"லோயரை ஆர் பிடிச்சுத் தந்தது?" எண்டன்.

அவன் கையைக் கழுவிப்போட்டு, "எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?" எண்டு கேட்டான். இதில வற்புறுத்தல் எங்க இருக்கு? நான் கேட்டன், அவன் வந்தான். இதைச் சுகந்திக்கு விளங்கப்படுத்த அஞ்சு வருசமா ஏலாமக் கிடக்கு.

கார் இருந்துது. ஆனா குடிச்சிட்டு ஓடக்கூடாது எண்டு ரயிலில போனம். ரெண்டு பேரும் ஒண்டாப் போனால் ஒரு டிக்கெட்டிலயே போய்வரலாம், அதை எடுத்து என்ர பொக்கெட்டில வச்சன். ஆளுக்கொரு சில்லுப் பெட்டி. திரும்பி வரேக்க ரயிலின்ர வேற வேற பெட்டியில இருப்பம் எண்டு நான்தான் யோசனை சொன்னனான். பாருங்கோ, அவனைப் பற்றி யோசிக்காமலோ அப்பிடிச் சொன்னனான்?

அங்க ஸ்டேசனுக்குப் பக்கத்தில ஒரு வியட்நாம்காரியின்ர கடை. சிகரட், பொம்மை, சப்பாத்து, சாராயம் எல்லாம் ஒண்டா அடுக்கி வச்சிருப்பாள். கனக்க வாங்கினபடியால் சந்தோசத்தில வாசல் வாங்கில இருத்திக் குடிக்கத் தந்தாள். அதுக்கு ஒரு முறை இருக்கு. கிளாசுக்கு மேல ஓட்டைக் கரண்டி, அதில சீனிக்கட்டி, மேல கொஞ்சம் ஊத்தி நெருப்பு வைக்கிறது. நீல நெருப்பு. சீனி உருகி விழ, தண்ணி விடுவாள். பச்சை அப்பிடியே தேங்காய்ப் பால் மாதிரி வெள்ளையா மாறும்.

தயாபரன் நாக்கில ஒரு சொட்டு வச்சுப் பாத்தான். முகம் மலர்ந்திட்டுது. "மச்சான், இது பிள்ளைக்கு வயித்துக்குத்துக்குக் குடுக்கிற பெருஞ்சீரகத் தண்ணியின்ர மணமெல்லே" எண்டான். பிள்ளைக்கு அவன்தான் அவிச்சு ஆறவச்சுக் கரண்டியால பருக்கினவனாம், சுகந்திக்குத் துப்பிப்போடுமாம், அவனுக்கு எண்டால் குடிக்குமாம். நாலு வருசத்தில அவன் அவ்வளவு கதைச்சு நான் கேட்டதில்லை. பிறகு கிளாசைத் தள்ளி வச்சிட்டான். குடிக்கேல்லை.

நான் குடிச்சனான். ஏன் பொய் சொல்லுவான். தண்ணி கலந்து குடிக்கிறது பொம்பிளையளுக்கு, எனக்குக் கலக்காமல் ஊத்து எண்டன். அவளும் ஊத்தினாள். எத்தினை எண்டு எண்ணேல்லை. "காணும் மச்சான், எழும்பு" எண்டு அவன் ரெண்டு தரம் சொன்னவன். சொன்ன மாதிரி எழும்பித்தான் வந்தனான். என்ர பெட்டியையும் அவன்தான் இழுத்தான்.

ரயில் ஏறி, அவன் தன்ர பெட்டியோட அங்கால போனான். நான் இங்கால. எல்லாம் சரியாத்தான் இருந்தது. இடையில எனக்குக் கொஞ்சம் தலை சுத்திச்சுது. கொஞ்சம் சத்தி எடுத்தன். சீற்றில பட்டிட்டுது. ஒரு கிழவி கத்தத் தொடங்கிவிட்டாள், ஆரோ போய் ஆருக்கோ சொல்லியிருக்கினம். உங்களுக்குச் சொல்லுறன் தம்பி, அவன் மட்டும் தன்ர இடத்திலயே இருந்திருந்தால் ஒண்டும் நடந்திருக்காது. அதுதானே கதைச்சு வச்சது. கண்ணாடிக்குள்ளால என்னைக் கண்டிட்டு, தண்ணிப் போத்திலோட எழும்பி வந்திட்டான். வந்து என்ர நெத்தியைப் பிடிச்சுக்கொண்டு நெஞ்சைத் தடவுறான். "ஒண்டுமில்லை மச்சான், ஒண்டுமில்லை" எண்டுறான். எனக்கு வாய் திறக்கேலாது, போ எண்டு கையால காட்டினனான். போகேல்லை.

அந்த நேரம்தான் பொலிஸ் வந்தது. ரெண்டு பேர். என்ர பாஸ்போட்டைப் பாத்தாங்கள், நான் ஜேர்மன் பிரசை, ஒண்டும் சொல்லேல்லை. அவன்ர கடதாசியைப் பாத்தாங்கள். பாத்திட்டு என்னட்டக் கேட்டாங்கள், இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமோ எண்டு.

நீங்கள் எண்டால் என்ன சொல்லியிருப்பியள்? யோசியுங்கோ. தெரியும் எண்டால், நீதான் இவரை எல்லை தாண்டிக் கொண்டுவாறாய் எண்டு வரும். ஆள் கடத்தின வழக்கு. கடை போயிடும். எனக்கும் பிள்ளை இருக்கு, சாமத்திய வீட்டுக்கு எட்டு நாள்தான் கிடக்கு, மண்டபம் எடுத்தாச்சு, காட் குடுத்தாச்சு. தெரியாது எண்டன். அவனிட்டக் கேட்டாங்கள், தனக்குத் தெரிஞ்ச அரைகுறை டொச்சில சொன்னான், "தெரியாது, சுகமில்லாத மனுசன், தண்ணி குடுக்க வந்தனான்" எண்டு. கெட்டிக்காரன். நான் கண்ணைக் கூடக் காட்டேல்லை, தானா விளங்கிக்கொண்டான்.

டிக்கெட் கேட்டாங்கள். ரெண்டு பேரின்ர டிக்கெட்டும் என்ர பொக்கெட்டுக்குள்ள. அதை நான் எடுத்தால் ஒண்டா வந்தது தெரிஞ்சுபோம். அதால அவன் டிக்கெட் இல்லாமல் வந்தவன் எண்டும் எழுதினாங்கள். அடுத்த ஸ்டேசனில இறக்கினாங்கள். அவன்ர பெட்டியும் அவனோட போட்டுது, என்ர கொண்டாட்டத்துச் சாமானில பாதி. அது என்ர எண்டு கேக்கவும் ஏலாது. ஸ்டேசன் மேடையில நடந்து போகேக்க அவன் திரும்பிப் பாக்கேல்லை.

லோயர் பொம்பிளை ரெலிபோன் எடுத்தவ. நீங்கள் நீதவானிட்ட வந்து, நான்தான் கூட்டிக்கொண்டு போனனான், எங்கட குடும்பத்து ஆள், ஒரு நாள் கடைக்குப் போய்வந்தது எண்டு சொன்னால் விடக்கூடும் எண்டு. விடக்கூடும். விடுவினம் எண்டு சொல்லேல்லை. விடக்கூடும் எண்டதை நம்பி நான் கடையை விடுறதோ? கொண்டாட்டம் முடியட்டும், யோசிப்பம் எண்டன். முடிய முதல் அவனை ஏத்திப்போட்டாங்கள். மண்டபத்துக்குள்ள மகளுக்கு ஆலாத்தி எடுக்கினம், என்ர போன் அடிக்குது. அவன்தான், எயார்போட்டில இருந்து. "மச்சான், ஏத்தப்போறாங்கள். சுகந்திக்கு நான் தெரியாமல் ரயில் மாறி ஏறி எல்லைக்கு அங்கால போயிட்டன் எண்டு சொல்லியிருக்கிறன், நீயும் அப்பிடியே சொல்லு" எண்டான். பிறகு "பிள்ளை வடிவா இருக்கிறாளோ சீலையில?" எண்டு கேட்டான். ஓம் எண்டன்.

அண்டைக்குக் கார் பாக்கில டிக்கியைத் திறந்தன். இராசநாயகம்தான் முதல் ஆள். ஒரு வாய் வச்சிட்டுத் துப்பினான். "இதென்ன இருமல் மருந்தோ" எண்டான். சனம் சிரிச்சுது. அங்கால ஆரோ விஸ்கி உடைச்சாங்கள், எல்லாரும் அங்க போட்டினம். என்ர போத்திலுகள் அப்பிடியே திரும்பி வீட்டுக்கு வந்து நிலவறையில நிக்குது. நித்திரை வராத நாளில நான் இறங்கிப்போய்க் கொஞ்சம் ஊத்துறது. தண்ணி விட்டுத்தான். அந்தப் பெருஞ்சீரக மணம் வரும், ரெண்டாவது வாய் இறங்காது. கிளாசைக் கழுவி வச்சிட்டு வந்து படுப்பன்.

சுகந்திக்கு ரயில் மாறி ஏறின கதைதான் தெரிஞ்சிருந்தது. என்ர மனுசிதான் அழுது அழுது உண்மையைச் சொல்லிப்போட்டாள். குடும்பத்தைக் குலைச்சது அதுதான். சொல்லாமல் விட்டிருந்தால் இந்த அஞ்சு வருசமும் நானும் தங்கச்சியுமாச் சேந்து எவ்வளவு தேடியிருக்கலாம்.

பொறுங்கோ, போன் அடிக்குது. அவள்தான். ஓம் சுகந்தி. பஸ்ஸிலதான். ஓம், மதவாச்சிக்குக் கிட்ட வந்திட்டுது போல. பஸ் ஸ்டாண்டிலயோ? இந்த வெயிலுக்க பிள்ளையை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனி? சரி, சரி. என்ன? ஓம். அதையும் சொல்ல வேணுமோ? அது எதுக்கு, அவர் வந்து இறங்கினார் எண்டு சொன்னாக் காணாதே? இல்லை, நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. சரி. வை, வாறன்.

முழுசாச் சொல்லட்டாம் தம்பி. ரயிலுக்குள்ள பொலிஸ் என்ன கேட்டது, நான் என்ன சொன்னனான் எண்டும் சொல்லட்டாம். ஏன் எண்டால் பொலிஸ் கடதாசியில அவன் தனி ஆள், ஜேர்மனியில சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை எண்டுதானே கிடக்கும். நான் சொன்னது பொய் எண்டு நானே சொல்லாட்டி, இந்த ஆள் ஆர், எங்க இருந்து சாட்சிக்கு வந்தது எண்டு கேப்பினமாம். நல்லா யோசிச்சுத்தான் வச்சிருக்கிறாள். விசாரணை எண்டால் எழுதுவாங்கள். எழுதினால் அது ஜேர்மனி வரைக்கும் போகாது எண்டு ஆர் சொல்லுறது? போனால் என்ர கதி என்ன? பிளேனுக்குள்ள முழுக்கச் சொல்லிப் பழகிக்கொண்டுதான் வந்தனான். நல்லாத்தான் வந்தது, ரயில் வரைக்கும்.

மதவாச்சியோ இது? தேத்தண்ணிக்கு நிப்பாட்டுறாங்களோ?

தம்பி, ஒரு உதவி. இந்தப் பையை நீங்களே கொண்டுபோய் வவுனியாவில தங்கச்சியிட்டக் குடுத்துவிடுங்கோ. பாரமில்லை. எனக்கு நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கு, நான் இதில இறங்கிக் கொழும்புப் பஸ்ஸைப் பிடிக்கிறன். டொக்டரிட்டக் காட்டிப்போட்டு அடுத்த வருசம் ஆறுதலா வருவன். சுகந்திக்குப் பிறகு நான் எடுத்துச் சொல்லுறன். நீங்கள் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அவையைத் தேடவேண்டியதில்லை, கண்டவுடன தெரியும். சுகந்தியின்ர மகள் ஆரபிக்கு இப்ப பதினொரு வயசு, தேப்பன் தயாபரனை உரிச்சு வச்ச முகமாம். பஸ் நிண்டால் முன்னுக்கு வந்து, இறங்கிற ஆம்பிளையள் ஒவ்வொருத்தரின்ர முகத்தையும் பாக்குமாம், எப்பவும் அப்பிடித்தானாம். என்னை அது கண்டதில்லை. சுகந்தி சனத்துக்குள்ளால வாறதுக்கு முதல் அது உங்களிட்ட ஓடி வந்திடும். மாமாவோ எண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லிப்போடுங்கோ. சின்னப் பிள்ளைதானே.